புருவம் மழித்த மனிதர்: பிங்க் ஃப்ளாய்ட் படங்கள் யாருடைய கதையைச் சொல்கின்றன?

ஒரு ராக் பாடகர் குளியலறைக் கண்ணாடி முன் நிற்கிறார். ரேஸரை எடுத்து முதலில் மார்பு முடியை வழிக்கிறார். ரத்தம் கசிகிறது. அவர் நிறுத்தவில்லை. அடுத்து புருவங்கள். இரண்டையும் மழித்துவிட்டு நிமிரும்போது, அது பழைய முகம் மாதிரியே இல்லை. 1982-ல் வந்த 'பிங்க் ஃப்ளாய்ட்: தி வால்' படத்தைப் பார்த்தவர்கள் கதையைக்கூட மறந்திருக்கலாம். இந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

இது ரூம் போட்டு யோசித்த காட்சி இல்லை. அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1975 ஜூன் 5-ம் தேதி, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்குள் தலைமுடியையும் புருவத்தையும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் வந்து நின்றார். உள்ளே பிங்க் ஃப்ளாய்ட் குழுவினர் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டுக்கு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டூடியோ ஊழியராக இருப்பார் என்று கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் நினைத்தார். வாட்டர்ஸின் நண்பர் யாரோ என்று நினைத்தார் கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வந்திருந்தவர் சிட் பாரெட். அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தவர். மிக்ஸிங் ஆகிக்கொண்டிருந்த பாட்டே அவரைப் பற்றியதுதான்.

பிரிசம் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டை உங்கள் அலுவலகத்தில் யாராவது போட்டிருப்பார்கள். பாட்டு கேட்காதவர்களுக்கும் அந்தப் படம் தெரியும். அந்தக் குழுவைப் பற்றி அரை நூற்றாண்டாகப் படங்களும் ஆவணப்படங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். பெரும்பாலானவை, குழுவில் வெறும் மூன்று ஆண்டுகள் இருந்த அந்த ஒரு ஆளைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவரோ அவற்றில் எதற்கும் உட்கார்ந்து பேட்டி கொடுக்கவில்லை.

யார் இந்த சிட்?

இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். 1946-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். ஓவியம் படிக்க லண்டன் போனார். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களில் ஆளுக்குப் பாதி எடுத்து ஒட்டி, நண்பர்களின் குழுவுக்குப் பெயர் வைத்தார். பாட்டு எழுதியதும், பாடியதும், முன்னால் நின்று கிட்டார் வாசித்ததும் அவர்தான். 1967 ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பம் கிட்டத்தட்ட முழுக்க அவர் கைவண்ணம். சைக்கடெலிக் ராக், அதாவது எல்.எஸ்.டி. மாதிரியான போதை தரும் மயக்க அனுபவத்தை நீளமான இசையாலும் சுழலும் வண்ண ஒளியாலும் மேடையில் கொண்டுவரப் பார்த்த அறுபதுகளின் பாணி, லண்டனில் பரவியபோது அதன் முகமாக இருந்தவர் சிட்.

அதே ஆண்டின் இறுதியிலேயே ஆள் மாறத் தொடங்கினார். மேடையில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டினார். சில நாள் எதையுமே வாசிக்கவில்லை. எல்.எஸ்.டி. காரணமா, திடீர்ப் புகழின் அழுத்தமா, ஏற்கெனவே உள்ளே இருந்த ஏதோ ஒன்றா? இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1968 ஏப்ரலில் அவர் குழுவில் இல்லை என்று அறிவித்தார்கள். 1970-ல் இரண்டு தனி ஆல்பங்கள் வந்தன. அதன் பிறகு கிட்டத்தட்ட மௌனம்தான்.

கேமரா என்ன பார்த்தது?

சிட் நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த படச்சுருள் கொஞ்சமே. அதில் முக்கியமானது பீட்டர் ஒயிட்ஹெட் 1967 ஜனவரியில் எடுத்தது. ஒரு லண்டன் ஸ்டூடியோவில் நான்கு பேரும் 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' என்ற நீண்ட இசைத்துண்டை வாசிக்கிறார்கள். தலை குனிந்து கிட்டாரில் மூழ்கியிருக்கிற இளைஞரைப் பார்த்தால், பின்னால் வந்த கதைகளெல்லாம் வேறு யாரைப் பற்றியோ என்று தோன்றும். கேம்பிரிட்ஜ் அருகே ஒரு குன்றில் நண்பர் நைஜல் கார்டன் எடுத்த சில நிமிட ஊமைப்படம் ஒன்றும் உண்டு. பிற்காலத்தில் அது 'சிட் பாரெட்ஸ் ஃபர்ஸ்ட் ட்ரிப்' என்ற பெயரில் வீடியோவாக விற்பனைக்கு வந்தது. அவர் போதை மருந்து எடுத்த முதல் தருணம் இது என்று சொல்லும் தலைப்பு. அது உண்மையிலேயே முதல் முறைதானா என்பதே சந்தேகம். ஆனா, வெறுமனே 'குன்றில் சில நண்பர்கள்' என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

இந்த விஷயத்தில் சுவாரஸ்யமான சாட்சி ஒன்று இருக்கிறது. 1967 நவம்பரில் குழு முதல் முறையாக அமெரிக்கா போனது. 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' டி.வி. நிகழ்ச்சியில், ஓடும் பாட்டுக்கு சிட் வாயசைக்க வேண்டும். அன்றைக்கு மனுஷன் உதட்டை அசைக்கவே இல்லை என்பது குழுவினர் பல ஆண்டுகள் சொல்லிவந்த கதை. புத்தகங்களிலும் அப்படியே ஏறியது. அந்த நிகழ்ச்சியின் பதிவு இப்போது கிடைக்கிறது. பார்த்தால், சிட் வாயசைக்கிறார். பெரிய உற்சாகம் இல்லை. ஆனால் ஒழுங்காகவே அசைக்கிறார்.

குழுவினர் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தப் பயணம் முழுக்கப் பட்ட சங்கடங்கள் எல்லாம் ஒரே காட்சியாக நினைவில் உறைந்திருக்கலாம். ஆனால், கேமரா ஒன்றைச் சொல்ல, நினைவு வேறொன்றைச் சொல்ல, ரசிகர்கள் நினைவின் பக்கம் நின்றுவிட்டார்கள். ஏன்னா, அந்தக் கதைதான் நன்றாக இருக்கிறது.

ஆளில்லா மைதானத்தில் ஒரு கச்சேரி

சிட் போன பிறகு பிங்க் ஃப்ளாய்டுக்கு முகம் இல்லை. ரோஜர் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், டிரம்மர் நிக் மேசன் என நான்கு பேரும் எதிரில் வந்தாலும் லண்டன் தெருவில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. கொஞ்ச காலம் சினிமாவுக்கு இசையமைத்துப் பார்த்தார்கள். பார்பே ஷ்ரோடரின் 'மோர்' படத்துக்கு இசை கொடுத்தார்கள். அந்தோனியோனியின் 'ஸாப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்காக ரைட் போட்ட ஒரு மெட்டை இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கினார். அதுதான் பின்னால் 'அஸ் அண்ட் தெம்' ஆனது. அந்தோனியோனிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முகமற்ற அந்தக் குழுவை அப்படியே பிடித்த படம் 'லைவ் அட் பாம்பெய்'. இயக்குநர் ஏட்ரியன் மேபன் இத்தாலியில் விடுமுறையில் இருந்தபோது பாம்பெய் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போய், பாஸ்போர்ட்டைத் தொலைத்தார். தேடிக்கொண்டு மாலை மங்கும் நேரத்தில் திரும்பவும் உள்ளே போனார். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். காலியான நீள்வட்டப் படிக்கட்டுகள், பூச்சிகளின் சத்தம், வேறு ஒன்றும் இல்லை. ரசிகர் ஒருவர்கூட இல்லாமல் இங்கே ஒரு கச்சேரி நடத்தினால் என்ன என்று அங்கேதான் தோன்றியது. வுட்ஸ்டாக் படத்தில் லட்சக்கணக்கான கூட்டத்தைக் காட்டிய காலம் அது. அவர் யோசித்தது நேர் எதிர்.

1971 அக்டோபரில் படப்பிடிப்பு. ஆம்ப்ளிஃபையர்களுக்குத் தேவையான மின்சாரம் அங்கே கிடைக்கவில்லை. முதல் சில நாள்கள் அப்படியே வீணாயின. கடைசியில் ஊருக்குள்ளிருந்து தெருத்தெருவாக கேபிள் இழுத்தார்கள். பாட்டை ஓடவிட்டு வாயசைக்க மாட்டோம், நேரடியாகத்தான் வாசிப்போம் என்பது குழுவின் நிபந்தனை. இன்னொரு உண்மை: படம் முழுக்க பாம்பெய்யில் எடுத்தது இல்லை! அங்கே எடுத்தது மூன்று பாட்டுகள்தான். மீதியை அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் ஸ்டூடியோவில், பின்னணித் திரையில் காட்சிகளை ஓடவிட்டு எடுத்தார்கள். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டில் டிரம்மர் மேசனை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். கலைநயம் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களை எடுத்த சுருள்கள் தொலைந்துபோயின.

1974-ல் வந்த நீட்டிய பதிப்பில் ஆபி ரோடு ஸ்டூடியோ காட்சிகள் சேர்ந்தன. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உருவான காலத்துக் காட்சிகள் அவை. அதில் எல்லாருக்கும் பிடித்தது இசையே இல்லாத ஒரு இடம்: கேன்டீனில் உட்கார்ந்து, ஓடு இல்லாத ஆப்பிள் பை கேட்கிறார் மேசன். இந்தப் படங்களில் எதையும் நிரூபிக்க முயலாத ஒன்று இதுதான். பிங்க் ஃப்ளாய்டை முதல் முறை பார்க்கப் போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 2025 ஏப்ரலில் புதுப்பித்த பதிப்பு ஐமேக்ஸ் திரைகள் வரை வந்தது. வெளியிட்டது சோனி. முந்தைய ஆண்டுதான் குழுவின் பாட்டு உரிமைகளை அந்த நிறுவனம் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தன.

சுவருக்குள் இரண்டு பேர்

'தி வால்' படத்துக்கு வருவோம். திரைக்கதை ரோஜர் வாட்டர்ஸ், இயக்கம் ஆலன் பார்க்கர், அனிமேஷன் ஜெரால்ட் ஸ்கார்ஃப். மூவரும் மூன்று திசையில் இழுத்தார்கள். தன் திரை வாழ்க்கையின் மிகத் துயரமான அனுபவங்களில் ஒன்று என்று பார்க்கர் பின்னால் சொன்னார். கதாநாயகனாக நடித்த பாப் கெல்டாஃபுக்கோ பிங்க் ஃப்ளாய்ட் இசையே பிடிக்காது. வாய்ப்பு வந்தபோது டாக்ஸியில் உட்கார்ந்து தன் மேனேஜரிடம் அந்தக் குழுவைத் திட்டித் தீர்த்தாராம். டாக்ஸி ஓட்டியவர் வாட்டர்ஸின் அண்ணன்! இது வாட்டர்ஸே சொல்லிச் சிரித்த கதை.

படத்தின் நாயகன் பிங்க், புகழின் உச்சியில் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும் பாடகர். அவருக்குள் இரண்டு நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வாட்டர்ஸ். அவருடைய அப்பா 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் இறந்தபோது, வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தை. படத்தின் போர்க் காட்சிகள் அங்கிருந்து வருகின்றன. ஹோட்டல் அறையில் சுருண்டு கிடக்கும் பாடகருக்கு மருத்துவர் ஊசி போட்டு மேடைக்கு அனுப்பும் காட்சியும் 1977 அமெரிக்கப் பயணத்தில் வாட்டர்ஸுக்கு நடந்ததுதான். இன்னொருவர் சிட். நாற்காலியில் வெறித்தபடி கிடக்கும் கண்கள், மழித்த புருவம் எல்லாம் அவருடையவை.

அப்பாவின் மரணம் வாட்டர்ஸின் சொந்தத் துக்கம். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. நண்பரின் புருவம் யாருடையது? படத்தில் அது பிங்க் பைத்தியத்தின் விளிம்புக்குப் போகும் திருப்பம். அடுத்து அவர் நாஜி பாணி சீருடை மாட்டிக்கொண்டு கூட்டத்தை வெறியேற்றுகிறார். நிஜ சிட் யாரையும் வெறியேற்றவில்லை. படம் வந்த அதே 1982-ல் லண்டனை ஒரேயடியாக விட்டு, சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கேம்பிரிட்ஜுக்கு நடந்தே போனார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிறகு அம்மா ஊரிலேயே இருந்துவிட்டார். படம் தந்த முகம் உலகம் சுற்றியது. அந்த முகத்தின் சொந்தக்காரர் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

கெல்டாஃப் இந்தக் கதைக்குள் இன்னொரு முறை வந்தார். பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்த வாட்டர்ஸையும் கில்மோரையும் 2005 ஜூலை 2-ம் தேதி லண்டன் 'லைவ் 8' மேடையில் சேர்த்துவைத்தது அவர்தான். நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக வாசித்தார்கள். 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டுக்கு முன்னால், இங்கே இல்லாதவர்களுக்காக, முக்கியமாக சிட்டுக்காக வாசிக்கிறோம் என்ற பொருளில் வாட்டர்ஸ் பேசினார். மறு ஆண்டு ஜூலை 7-ல், 60 வயதில் சிட் இறந்தார். 2008-ல் ரைட்டும் போனார்.

இரண்டு கார்கள்

சிட் பற்றி நேரடியாகப் பேசும் ஆவணப்படங்கள் இரண்டு முக்கியமானவை. ஜான் எட்ஜின்டன் இயக்கி 2001-ல் பி.பி.சி.யில் வந்தது ஒன்று. 2023-ல் வந்த 'ஹேவ் யூ காட் இட் யெட்?' இன்னொன்று. ஆபி ரோடு சம்பவத்தை விரிவாகப் பேசும் 'தி ஸ்டோரி ஆஃப் விஷ் யூ வேர் ஹியர்' 2012-ல் வந்தது. அதுவும் எட்ஜின்டன் எடுத்ததே.

அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களில் இரண்டு கார்களில் நடந்தவை. மனநல மருத்துவர் ஆர்.டி.லேங் அப்போது லண்டனில் மிகப் பிரபலம். அவரிடம் சிட்டைக் கூட்டிக்கொண்டு போனார் வாட்டர்ஸ். சிட் காரிலிருந்து இறங்க மறுத்துவிட்டார். இரண்டாவது, 1968 ஜனவரி கடைசியில். அதற்குள் சிட்டின் பால்ய நண்பர் கில்மோரும் குழுவில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்திருந்தார். சவுத்தாம்ப்டனில் கச்சேரி. சிட்டை அழைத்துக்கொண்டு போகலாமா என்று வண்டியில் யாரோ கேட்டார்கள். வேண்டாம், விடு என்றார் இன்னொருவர். அவ்வளவுதான். கார் நிற்கவில்லை. சண்டை இல்லை, கடிதம் இல்லை, முறையான விடைபெறல் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒவ்வொருவரும் திணறுவது திரையில் தெரியும். அந்தக் காரில் இருந்தவர்களுக்கு அப்போது 21-லிருந்து 24 வயது. இன்றைக்குக் கல்லூரி முடித்து முதல் வேலையில் உட்காரும் வயது. கூட வேலை பார்ப்பவர் உடைந்துபோகிறார், நிகழ்ச்சிகள் வரிசையில் நிற்கின்றன, கடனும் இருக்கிறது. என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அவர்களை மன்னிக்கச் சொல்லி ஆவணப்படம் கேட்கவில்லை. அவர்களே தங்களை முழுக்க மன்னித்துவிட்ட மாதிரியும் தெரியவில்லை. பிற்காலத்தில் சிட்டுக்கு வர வேண்டிய ராயல்டி பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்வதை கில்மோர் விடாமல் கவனித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 படம் தனி ரகம். அதைத் தொடங்கிய ஸ்டார்ம் தோர்கர்சன்தான் அந்த பிரிசம் அட்டைப்படத்தின் பின்னால் இருந்த ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் கூட்டாளி. சிட், வாட்டர்ஸ் படித்த அதே கேம்பிரிட்ஜ் பள்ளியில் படித்தவர். ஆகவே கேள்வி கேட்பவர் நிருபர் இல்லை, கூட்டாளி. பதில் சொல்பவர்களும் அவரிடம் மேடைப் பேச்சு பேச முடியவில்லை. நோய்வாய்ப்பட்டிருந்த தோர்கர்சன் 2013-ல் இறந்தார். உடன் இயக்கிய ராடி போகவா பத்து ஆண்டுகள் கழித்துப் படத்தை வெளியே கொண்டுவந்தார்.

தலைப்பே ஒரு சம்பவம். கடைசி நாள்களில் சிட் ஒரு புதுப் பாட்டைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் மெட்டை மாற்றிவிடுவார். மறுபடி முதலிலிருந்து. இப்போ பிடிபட்டதா என்று அந்தப் பாட்டுக்குள்ளேயே அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். இது பிடிபடவே பிடிபடாது என்று புரிய வாட்டர்ஸுக்கு நேரமெடுத்தது. அது மனம் குலைந்ததன் அறிகுறியா, கழற்றிவிடப் போகிறார்கள் என்று தெரிந்த ஒருவர் செய்த அருமையான குறும்பா? படம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதுதான் அதன் பலம்.

சொல்லப்போனால் ஜூன் 5 சம்பவத்துக்கும் ஒரே வடிவம் கிடையாது. சிட் எழுந்து எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார் என்பது ரைட்டின் நினைவு. மற்றவர்கள் சொல்வதில் நேரமும் மாறும், பேச்சும் மாறும். அன்று எடுத்த புகைப்படங்களில் இருப்பது மழித்த தலையோடு ஒரு ஆள். அதைத் தாண்டி அவை எதையும் சொல்லவில்லை.

கதவைத் தட்டியவர்கள்

இந்தப் படங்களிலும் கட்டுரைகளிலும் வளர்ந்த 'தொலைந்துபோன மேதை' கதைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கட்டியவர் சிட். கேம்பிரிட்ஜ் வீட்டில் அவர் தன்னை சிட் என்று அழைத்துக்கொள்ளவில்லை, ரோஜர்தான். ஓவியம் வரைவார், வரைந்ததைப் புகைப்படம் எடுத்துவிட்டு ஓவியத்தை அழித்துவிடுவார். சைக்கிளில் கடைக்குப் போவார். ரசிகர்களும் நிருபர்களும் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வீட்டு வாசலில் நிற்கும் அவரைப் படமெடுத்துப் பத்திரிகைகள் போட்டன. அவருக்கு இன்ன மனநோய் என்று வாட்டர்ஸ் உட்படப் பலர் பெயர் சொன்னார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தங்கையோ, அண்ணனுக்கு அப்படி எந்த நோயும் உறுதிசெய்யப்படவில்லை என்றே சொல்லிவந்தார்.

2001-ல் பி.பி.சி. அந்த ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோது, அவர் தங்கை வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். தன் இளமை, தன் வீழ்ச்சி, தன் நண்பர்களின் கலங்கிய கண்கள் எல்லாம் அதில் இருந்தன. சத்தம் கொஞ்சம் அதிகம் என்பது அவர் கருத்து. 'சீ எமிலி ப்ளே' பாட்டைத் திரும்பக் கேட்டதில் சந்தோஷம். லண்டனில் மாணவனாக இருந்தபோது தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மைக் லெனர்ட் திரையில் வந்ததும், அவர்தான் என் ஆசிரியர் என்று சொன்னாராம்.